கப்பலுக்கு நான் கொடுத்த குச்சி

அந்தப் பெட்டியை என் தம்பி தூத்துக்குடியிலிருந்து நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். சாத்தூரில் பஸ் மாறி, ஏழாயிரம்பண்ணை வரை நின்றுகொண்டே வந்தானாம். துறைமுகத்தில் சரக்கு எழுதும் வேலை அவனுக்கு. ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் சமையல் செய்கிறவர் ஊர் திரும்பும்போது அதை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீளமான அட்டைப் பெட்டி. மேலே மூன்று பாய்மரம் விரித்த கப்பலின் படம். எங்கள் பக்கத்தில் அட்டைப் பெட்டிக்கும் அச்சடித்த படத்துக்கும் பஞ்சமா? "இது என்னடா புது வெடி?" என்றுதான் நான் கேட்டேன்.

"வெடி இல்லக்கா, கப்பல். நாமளே மரத்துல செய்யணும். எல்லாம் துண்டு துண்டா உள்ள கெடக்கு. மச்சானுக்குக் கைக்கு வேலை குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாகல்ல?"

சொன்னார்கள்தான். என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அந்த வருடம் ஆடி மாதம் காலையில் மருந்து சலித்துக்கொண்டிருக்கும்போது சல்லடையிலேயே குப்பென்று பிடித்துவிட்டது. கூட இருந்த மூன்று பேரும் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார்கள். இவர் வாசல் பக்கம் இருந்ததால் உயிர் தப்பினார். முகம் பிழைத்தது, கை இரண்டும் வெந்தன. மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து வீட்டுக்கு வந்தபோது வலது கை கிணற்று வாளிக் கொக்கி போல வளைந்து இருந்தது. தோல் இறுகாமல் இருக்க வேண்டுமானால் விரலுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று அங்கே பயிற்சி கொடுத்த பெண் சொல்லி அனுப்பினாள்.

நானும் உளுந்தையும் பச்சைப் பயறையும் கலந்து முறத்தில் கொட்டி, பிரித்து வையுங்கள் என்றேன். பிரித்தார். மூன்றாம் நாள் முறம் வாசலுக்குப் பறந்தது. "என்னைப் பொம்பளை ஆக்கிட்டியேடி" என்று கத்தினார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "முப்பது வருசமா நான் ஆக்கிப் போட்டதைத் தின்னீகளே, அப்ப மட்டும் இனிச்சுதோ?" என்று கேட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பதினாறு வருடம்தான். கோபத்தில் எனக்குக் கூட்டல் தெரியாது.

அந்த முறத்துக்குப் பதிலாக வந்ததுதான் கப்பல். தம்பி போனபிறகு பெட்டியைப் பிரித்தோம். பென்சிலை விட மெல்லிய மரச் சட்டங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒட்டுப்பலகையில் வெட்டின விலா எலும்புகள், கிராம்பு மாதிரிக் குட்டிக் குட்டிப் பித்தளை ஆணிகள், நூல் உருண்டைகள், வேட்டி அகலத்துக்கு ஒரு வரைபடம். எழுத்து எதுவும் புரியவில்லை, இங்கிலீஷ்கூட இல்லை. படமும் நம்பரும் மட்டும் புரிந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். நம்பரைப் பார்த்து எந்தத் துண்டு எங்கே என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கக் கற்றுக்கொண்டார். பத்துத் தடவை தூக்கினால் எட்டுத் தடவை கீழே விழும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எடுப்பார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. கப்பலின் அடியில் நீளமாக ஒரு கட்டை போகும். அதில் உள்ள வெட்டுகளில் விலாப் பலகைகளைக் குறுக்காகச் சொருகவேண்டும். ஒன்று சாய்ந்தால் கப்பலே கோணும். நாங்கள் பாட்டுக்குச் சொருகி ஒட்டிவிட்டோம். காய்ந்தபிறகு பார்த்தால் கப்பல் ஒருபக்கமாகத் திரும்பி யாரையோ முறைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான். வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்து பசையை இளக்கி, எல்லாவற்றையும் பிரித்து, தீப்பெட்டிகளை மூலைமட்டம் மாதிரி இரண்டு பக்கமும் நிறுத்திவைத்து மறுபடி ஒட்டினோம். தீப்பெட்டி மூலை அவ்வளவு நேராக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

வேலைக்கு உட்காரும் முன் அவர் ஒன்று செய்வார். ஜன்னல் கம்பியைக் கைவைத்துத் தொடுவார். மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பதினைந்து வருடப் பழக்கம், மரக் கப்பலுக்கும் அதையே செய்தார். சுத்தியலைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்றார். அந்தக் குட்டி ஆணிகளை ஒரு மரக்கட்டையால் அழுத்தி அழுத்தி இறக்கினார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கட்டம் வந்தபோது கப்பலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏங்க, மரத்தைத் தேய்ச்சா வெடிக்குமா?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. அப்புறம் தேய்க்கிற வேலையை நானே செய்தேன்.

நான் தேய்த்துக் கொடுத்த இடத்தை அவர் குனிந்து மேலுதட்டால் தடவிப் பார்ப்பார். "இங்கன இன்னும் சொரசொரங்குது" என்பார். சரியாகத்தான் இருக்கும். கப்பல் கட்டுகிறவர்களின் வழக்கம் போலிருக்கிறது, படத்தில் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சட்டத்தில் ரத்தம் ஒட்டியிருந்தது. பார்த்தால் ஆள்காட்டி விரலில் ஆணி ஒன்று பாதி இறங்கி நிற்கிறது, மனுசன் அடுத்த ஆணியைத் தேடிக்கொண்டிருக்கிறார். "வலிக்கலையா?" என்று பதறினேன். "இதெல்லாம் ஒரு வலியா" என்றார். வீம்பு பிடித்த மனுசன் என்று திட்டிக்கொண்டே பிடுங்கினேன். காப்பித் தம்ளரைத் துணி இல்லாமல் பிடிக்கிறாரே, தோல் நன்றாக உரமேறிவிட்டது என்று பக்கத்து வீட்டு மதினியிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

தை மாதம் போர்மேன் வந்தார். வயதில் மூத்தவர், இவரை வேலையில் சேர்த்ததே அவர்தான். நான் அடுப்படியில் இருந்தேன். இரண்டு பேர் பேச்சும் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"சீசன் சூடு பிடிச்சுருச்சுலே. வடக்க இருந்து ஆர்டர் வந்து குவியுது. மருந்து ரூமுக்குப் புதுசா ஒருத்தனைப் போட்டுருக்கேன், அவன் கை நடுங்குது. பாக்கவே எனக்குக் குலை நடுங்குது."

"நான் வாறேன் அண்ணாச்சி."

"கை?"

"இந்தக் கப்பலுக்கு மேல்தளம் ஒட்டணும். அம்புட்டும் பொடி வேலை. அதை என் கையால முடிச்சுட்டேன்னா கை சரியாயிருச்சுன்னுதான அர்த்தம்? முடிஞ்ச மறுநாள் வேன்ல ஏறிருதேன்."

"அப்ப முடிச்சுட்டுச் சொல்லி அனுப்பு. நானே வந்து பாக்கேன்."

கையில் இருந்த கரண்டி நழுவிக் குழம்புக்குள் போய்விட்டது. அதுவரைக்கும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? கை நிமிர்ந்தால் சோறு பிசைந்து சாப்பிடுவார், சட்டைப் பொத்தான் போடுவார், பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடக்கூட ஒருநாள் முடியும் என்று. நான் விழுந்து விழுந்து நம்பர் பார்த்து எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு துண்டும் இவரைத் திரும்ப அந்த அறைக்குத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

போர்மேன் போனதும் சண்டை பிடித்தேன். "ஒரு தடவை சாமி காப்பாத்துச்சு. அதுக்கு வேற வேலையே கெடையாதா, உங்க பின்னாடியே திரிய?" என்றேன். லோடு ஏற்றப் போங்கள், கேட்டில் உட்காருங்கள், ஒன்றும் வேண்டாம், சும்மா இருங்கள், நான் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான் புள்ள" என்றார். "மருந்து எனக்குக் கட்டுப்படும். அன்னைக்கு ஏதோ நேரம். நான் போகலைன்னா அந்தப் பய கலக்குவான். அவனோட மூணு பேரு சேர்ந்து போவாக."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கப்பலுக்கும் ஆகாமல் போயிற்று. பக்கவாட்டுச் சட்டம் ஒவ்வொன்றாக ஏற ஏற அவருடைய நடுவிரல் நிமிர்ந்தது, அப்புறம் மோதிர விரல். நல்லது நடக்கும்போது அதைப் பார்த்துப் பயப்படுவது மாதிரிக் கொடுமை வேறில்லை. மதினி எட்டிப் பார்த்து, "என்னத்தா, கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாக. உங்க வீட்டுல கப்பல் நிமிந்து நிக்குது, நீ கை வச்சுக்கிட்டு இருக்கியே" என்று கேலி பேசினாள்.

மேல்தளத்துக்கு என்று பெட்டியில் வெளுத்த மரத்தில் தனிக் கட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு கூத்து நடந்தது. பக்கவாட்டில் வளைகிற சட்டங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு வளைக்கவேண்டும். படத்தில் ஒரு வாளி வரைந்திருந்தது. தளத்துக்கானதை ஊறப்போடக் கூடாது. ஆனால் பட்டாசுக் கம்பெனிக்காரருக்கு எதையும் நனைத்து வைத்தால்தான் மனசு ஆறும். குப்பையை நனைப்பார்கள், தரையை நனைப்பார்கள், சாக்கை நனைப்பார்கள். இவர் மொத்தக் கட்டையும் அண்டாவில் போட்டு இரண்டு நாள் ஊறவைத்துவிட்டார். வெயிலில் எடுத்துப் போட்டதும் அத்தனையும் முறுக்கிக்கொண்டு முறுக்குப் பிழிந்த மாதிரி ஆகிவிட்டன. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தளம் இல்லை, ஆகவே வேலையும் இல்லை.

அவர் அரைமணி நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஏ புள்ள, தளத்துக்கு நீளமா எதுக்கு? துண்டு துண்டாத்தான ஒட்டச் சொல்லிருக்கான்? தீக்குச்சி போதும்லா. மருந்து தொடாத வெறுங்குச்சி. மதினிட்டக் கேளு, ஒரு பை வாங்கியா."

மதினி தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவள். குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கி இறுக்கினால், அதன் முனையை முதலில் உருக்கின மெழுகில் முக்குவார்கள், அப்புறம் மருந்தில். மெழுகு இருந்தால்தான் குச்சி பிடித்து எரியும். அப்படி முக்கும்போது நழுவி மெழுகுத் தட்டிலேயே விழுந்து முழுக்க ஊறிப்போன குச்சிகளை அள்ளி எறிவார்கள். அடுப்புப் பற்றவைக்க நன்றாக இருக்கும் என்று எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு பை எடுத்து வைத்திருப்போம். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் நானும் அந்த வேலை பார்த்தவள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் வெறுங்குச்சி எது, மெழுகுக் குச்சி எது என்று எனக்குத் தெரியும். எனக்கென்ன, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும்.

மதினி நல்ல குச்சிதான் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கொடுக்கத்தான் வந்தேன். வாசல் ஏறும்போது சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்தை யாரும் இன்னொரு சத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் காலுக்கடியில் ஒரு உதறல், அப்புறம் காதில். தெருவில் இருந்த பெண்கள் எல்லாம் வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று பார்த்தோம். எந்தத் திசை என்று தெரிந்ததும் அந்தத் திசைக்கு ஆள் அனுப்பியிருக்கிறவள் மட்டும் ஓடுவாள். மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குப் புகை தெற்கே தூரத்தில் எழுந்தது, எங்கள் தெரு ஆள் யாரும் இல்லை. மூச்சு விட்டேன். உடனே, இப்படி மூச்சு விடுகிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பினால் இவர் ஜன்னலில் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் பயம் இல்லை. வேலைக்குப் போகத் தயாராக நிற்கிறவரின் முகம் அது.

நல்ல குச்சிப் பையை அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகினேன். அடுப்புக்கு வைத்திருந்த மெழுகுக் குச்சிகளில் இரண்டு கை அள்ளி, வெந்நீரில் அலசி, பழைய சேலையில் தேய்த்துத் துடைத்தேன். மேலே படிந்த மெழுகு போய்விட்டது. உள்ளே ஊறினது போகாது. அதில் எந்தப் பசையும் நிற்காது. முறத்தில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன்.

தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கண்டுபிடிக்கட்டும், கத்தட்டும், முறத்தை வீசட்டும், ஒரு வாரமாவது தள்ளிப்போகுமே என்று தயாராக நின்றேன். அவர் ஒரு குச்சியை எடுத்தார். விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"நல்ல குச்சி" என்றார்.

நான் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எட்டு நாள் ஒட்டினார். அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பலகைக்கும் பலகைக்கும் இடையில் தார் அடைத்த மாதிரித் தெரிவதற்காகக் குச்சியின் ஓரத்தில் கறுப்புப் பென்சிலால் கோடு போடவேண்டும். மெழுகில் பென்சில் வழுக்கியது. "என்ன பென்சில் வாங்கியாந்தே, எழுதவே மாட்டேங்குது" என்று பென்சிலைத் திட்டினார். இதோ கண்டுபிடித்தார், இதோ கண்டுபிடித்தார் என்று ஒவ்வொரு குச்சிக்கும் காத்திருந்தேன். கண்டுபிடிக்கவில்லை. நெருக்கி நெருக்கி வைத்ததால் குச்சிகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நின்றன. தளம் நிறைந்தது. பார்க்க அவ்வளவு அழகாக வேறு இருந்தது, பாழாய்ப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்மேன் வந்தார். இவரைக் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். சட்டைப் பொத்தானை அவிழ்த்துப் போடச் சொன்னார். இவர் ஐந்து பொத்தானையும் போட்டுக் காட்டினார். தளத்தைப் பார்த்துவிட்டு அவர், "அடேயப்பா! இந்தக் கைக்கு என்னலே கொறைச்சல்? நாளைக்குக் காலையில வேன் வரும்" என்றார். நான் கதவோரம் நின்று தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழு, ஒரு குச்சியாவது எழும்பு, இப்போதே எழும்பு என்று மனசுக்குள் மன்றாடினேன். ஒன்றும் அசையவில்லை. போர்மேன் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிட்டபிறகு, ஓரத்தில் வழிந்திருந்த பசையைத் துடைக்கிறேன் என்று ஈரத் துணியை எடுத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். துணியோடு நாலு குச்சி வந்தது. என்னடா என்று விரலால் அழுத்தினார். பக்கத்து வரிசை சறுக்கியது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மொத்தத் தளமும் பெயர்ந்து அவர் மடியில் கொட்டியது. அடிப்பலகையில் பசை மட்டும் கண்ணாடித் தாள் மாதிரிப் பளபளவென்று அப்படியே கிடந்தது.

"பசை கெட்டுப்போச்சோ?" என்றார். முகர்ந்து பார்த்தார். மடியில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து உருட்டினார். நடுவிரலால் உருட்டினார். இடது கைக்கு மாற்றி உருட்டினார். பிறகு மெதுவாக அதைத் தூக்கி மேலுதட்டில் வைத்தார். வைத்த குச்சி அங்கேயே நின்றது.

"மெளுகு" என்றார். சத்தமே இல்லை.

"ஆமா, மெளுகுதான்! நான்தான் குடுத்தேன், வேணும்னேதான் குடுத்தேன்" என்று வெடித்துவிட்டேன். "நீங்க போகக் கூடாது. எனக்கு நீங்க வேணும். இந்தக் கை இப்படியே மொடங்கிக் கெடந்தாலும் பரவாயில்ல, நான் ஊட்டி விடுதேன். இப்ப அடிக்கிறதுன்னா அடிங்க."

அவர் அடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "உனக்குத் தொட்டதும் தெரிஞ்சுச்சா?"

"தெரியாம? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்ல."

சொல்லி முடித்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே புரிந்தது. ஆணி குத்தி ரத்தம் வந்தது, சூட்டுத் தம்ளர், உதட்டால் தடவிப் பார்த்தது, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத்துல இருந்து?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிச்சதுல இருந்து. பத்து விரலும் மரத்துப் போச்சு. வந்துரும் வந்துரும்னு இருந்தேன்."

மருந்து சலிக்கிறவருக்குக் கண்ணை விட விரல்தான் முக்கியம் என்று அவரே எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மாவு மாதிரி ஓடுகிற மருந்துக்குள் ஒரு மணல் கடித்தால் விரல் சொல்லும். லேசாகச் சூடு ஏறினால் விரல் சொல்லும். அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடவேண்டும். ஒன்றும் சொல்லாத விரலை வைத்துக்கொண்டு இந்த மனுசன் நாளைக் காலையில் அந்த அறைக்குள் உட்காரப் போகிறார்.

அப்போது எனக்கு வந்ததுதான் கோபம். "அந்தப் பய கலக்கினா மூணு பேரு சேர்ந்து போவாகன்னு சொன்னீகளே, நீங்க கலக்கினா மட்டும் அந்த மூணு பேரு பூமாலை போட்டுக்கிட்டு வீட்டுக்கு வருவாகளா? என்கிட்ட மறைச்சீகளே, அவுகளுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கில்ல?"

"நீ மட்டும் யோக்கியமா?" என்றார்.

எட்டு நாள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். "நல்ல குச்சி எங்க?" என்று ராத்திரி கேட்டார், அரிசிப் பானைப் பக்கம் கையைக் காட்டினேன். போகிறாரா, இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விடிந்ததும் குளித்தார். பருத்திச் சட்டையை எடுத்துப் போட்டார், பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டார். மருந்து அறைக்குப் பருத்தியைத் தவிர வேறு துணி ஆகாது. "சோத்தைக் கட்டு" என்றார். தூக்குவாளியில் சோறு வைக்கும்போது பாதிச் சோறு தரையில் விழுந்தது. "போகாதீக" என்றேன். வேன் ஹாரன் அடித்தது. அவர் நடந்தார். நான் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன்.

வேனுக்குள் அவருடைய அறை ஆட்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் போர்மேன். இவர் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்தார்.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணு மெளுகு, ஒண்ணு வெறுங்குச்சி. நான் கண்ணை மூடிக்கிடுதேன். ஒண்ணை என் கையில வையுங்க."

"வெளையாடுத நேரமாலே இது?"

"வையுங்க அண்ணாச்சி."

போர்மேன் வைத்தார். இவர் உருட்டிப் பார்த்து, "மெளுகு" என்றார்.

"சரிதானலே. ஏறு."

எனக்கு உயிரே போய்விட்டது. "இன்னொரு தடவை" என்றார் இவர். போர்மேன் வெறுங்குச்சியை வைத்தார். "மெளுகு." மறுபடியும் வெறுங்குச்சி. "மெளுகு" என்றார். பிறகு மெழுகுக் குச்சியை வைத்தார். நெடுநேரம் உருட்டினார். "வெறுங்குச்சி" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருவர் இவரைப் பார்த்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். போர்மேன் கீழே இறங்கி வந்து இவருடைய விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "கேட்டுல ஆள் வேணும்னு கேட்டாக. சொல்லிப் பாக்கேன்லே" என்றார். வேன் போய்விட்டது.

இவர் அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டே ரோட்டோரம் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மனசு ஆறாமல் அவர் விரல் நுனியைப் பிடித்து, நகம் பதியக் கிள்ளினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தளத்தை நாங்கள் பங்குனியில் மறுபடி ஒட்டினோம். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த நல்ல குச்சிப் பையை எடுத்து வந்தேன். ஒவ்வொரு குச்சியையும் நான் விரலால் தடவிப் பார்த்துக் கொடுப்பது, அவர் வாங்கி ஒட்டுவது என்று பேச்சு. அப்படித்தான் செய்தோம். பழையபடி சிரித்தோம், சண்டை போட்டோம், கோணலாக ஒட்டிவிட்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டோம். ஆனால் நான் தடவிக் கொடுத்த குச்சியை அவர் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினார். கடைசிக் குச்சி வரைக்கும் ஒன்றைக்கூட விடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.